ராயப்பன் எடுத்த கடைசிப் பந்து

உங்களுக்கு ஒரு சம்பவம் சொல்லப்போகிறேன், தம்பி. முப்பது வருஷமாக இதைச் சொல்லிவருகிறேன். கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறேன், துட்டி வீட்டில் சொல்லியிருக்கிறேன், பல் பிடுங்கப் போன இடத்தில் வாயைத் திறந்தபடியே டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் எனக்குள்ளே ஒருத்தன் மூலையில் உட்கார்ந்துகொண்டு, 'அப்படியா நடந்தது?' என்று கேட்பான். அவனுக்கு நான் பதில் சொன்னதே இல்லை. பேச்சை இன்னும் கொஞ்சம் உரக்கப் பேசினால் அவன் சத்தம் அமுங்கிவிடும். அப்படியே காலம் போய்விட்டது.

இன்றைக்கு உங்கள் பக்கத்தில் உட்கார்ந்ததால் மாட்டிக்கொண்டேன். நாகர்கோவிலில் ஏறியதிலிருந்து உங்கள் போனில் இரண்டு வெள்ளைக்காரர்கள் மல்லுக்கட்டுகிறார்கள். நான் எட்டிப் பார்க்கவில்லை. சரி, கொஞ்சம் பார்த்தேன். என்ன சண்டை என்று கேட்டதற்கு நீங்கள்தானே விளக்கினீர்கள்? அமெரிக்காக்காரன் ஃபுட்பால், பேர்தான் ஃபுட்பால், கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள், நடுவில் ஒருத்தன் நின்று பந்தை எறிவான், அவனுக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர், அவன் எலைட்டா இல்லையா என்பதுதான் வழக்கு. எலைட் என்றால் எனக்குத் தெரிந்தது ஏசி போட்ட டாஸ்மாக் கடை ஒன்றுதான். 'அதேதான் சார், சரக்கு ஒண்ணுதான், உள்ள போறவன் நெனப்பு வேற' என்று சொன்னீர்கள் பாருங்கள், அப்போதே உங்களை எனக்குப் பிடித்துவிட்டது.

அந்தச் சிவப்புச் சட்டைக்காரன் என்ன சொல்கிறான்? கோப்பையை எண்ணு என்கிறான். தாடிக்காரன் என்ன சொல்கிறான்? கோப்பை டீமுக்குக் கிடைத்தது, எறிந்தவனுக்கா கிடைத்தது என்கிறான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் புன்னைவிளையில், முத்துமாலை அண்ணாச்சியின் ஐஸ் பிளான்ட்டில், நாங்கள் மூன்று பேர் இதே வார்த்தையைச் சொல்லி இதே சண்டையைப் போட்டோம். அவர்களுக்கு மைக் இருக்கிறது, எங்களுக்கு இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் சண்டை வாலிபால் லிஃப்டரைப் பற்றி. வாலிபால் பார்த்திருப்பீர்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிற பந்தை முதல் ஆள் தட்டி மேலே ஏற்றுவான். இரண்டாவது ஆள் அதற்கு அடியில் போய், வலைக்குப் பக்கத்தில், அடிக்கிறவன் கைக்குத் தோதாக எடுத்துக் கொடுப்பான். மூன்றாவது ஆள் பாய்ந்து அடிப்பான். கைதட்டல் மூன்றாவது ஆளுக்கு. அந்த இரண்டாவது ஆள்தான் லிஃப்டர். யார் அடிக்கவேண்டும் என்று முடிவு செய்கிறவன் அவன். உங்கள் குவார்ட்டர்பேக்கேதான், இரும்புத் தொப்பி மட்டும் கிடையாது.

துபாயில் இருக்கிற எங்கள் ஊர்ப் பையன்கள் சேர்ந்து கூரை போட்ட மைதானம் ஒன்று கட்டித் தந்திருக்கிறார்கள். அவர்கள் கேட்டது ஒன்றுதான். கட்சிக்காரன் பெயர் வைக்கக்கூடாது, ஊரின் சிறந்த ஆட்டக்காரன் பெயர் வைக்கவேண்டும். அடிக்கிறவன் பெயரை வைத்தால் வெட்டுக்குத்து ஆகிவிடும். எங்கள் ஊரில் அடித்தவன் தெருவுக்கு நாலு பேர். லிஃப்டர் என்றால் பேச்சு இரண்டே பேரில் நிற்கும். எங்கள் காலத்து ராயப்பன் ஒருத்தன், இந்தக் காலத்து ஷெர்வின் ஒருத்தன். இரண்டு பேரில் யார் என்று முடிவு செய்ய மூன்று பேர் கமிட்டி. எங்கள் பழைய கேப்டன் முத்துமாலை அண்ணாச்சி, விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற பெரியநாயகம் சார், மூன்றாவது நான், ஜெயக்கொடி. என்னைப் போட்டதற்குக் காரணம் நான் நடுநிலை என்பதுதான். எனக்கு இதில் சொந்த லாபம் ஒன்றும் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி, கடைசியில் தேவைப்படும்.

பெரியநாயகம் சார்தான் ஆரம்பித்தார்.

"ஷெர்வின் இந்தியா கேம்ப் வரைக்கும் போனான். ராயப்பன் எங்கவே போனான்? ஒரு பேங்க் டீமுக்குப் போனான். வேலை கெடச்சுது, கல்யாணம் ஆச்சு, தொந்தி வந்துட்டு."

"கேம்ப்புக்குப் போனவன் எல்லாம் லிஃப்டரா சார்? கேம்ப்ல சமையல்காரனும்தான் இருந்திருப்பான்" என்றேன்.

முத்துமாலை அண்ணாச்சி ஐஸ்கட்டி அறுக்கிற சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றினார். "ரெண்டு பேருமே லிஃப்டர் இல்லவே. நான் அடிச்சேன், அதனால அவன் லிஃப்டர். பனை ஒசரத்துக்கு எடுத்தாலும் அடிப்பேன், முட்டிக்குக் கீழ எடுத்தாலும் அடிப்பேன். என்னைய வச்சுக்கிட்டு யாரு வேணும்னாலும் லிஃப்டரா இருக்கலாம். நம்ம சாரே இருக்கலாம்."

"என்னைய ஏன்வே இழுக்கீரு?" என்றார் சார்.

சாரிடம் ஒரு அளவுகோல் இருந்தது. நல்லதாக வருகிற பந்தை எவனும் எடுப்பான். முதல் தட்டு கோணலாகப் போய், பந்து கம்பத்தைத் தாண்டி ஓடுகிறபோது, துரத்திப் போய் எடுக்கிறான் பாருங்கள், அவன்தான் லிஃப்டர். ஷெர்வின் அதில் கெட்டிக்காரன். ஒரு தடவை பெஞ்சில் இருந்தவர்களின் தண்ணீர்க் கேனைத் தாண்டிக் குதித்து எடுத்தான், நானே பார்த்தேன். நியாயத்தை மறைக்கக்கூடாது. நான்தான் நடுநிலை ஆயிற்றே.

ஆனால் என் அளவுகோல் வேறு. "கடைசிப் பந்தை யாருக்குக் குடுக்கான்? அதைச் சொல்லுங்க" என்றேன். "ஆட்டம் சமமா இருக்கும்போது, கூட்டம் கத்தும்போது, எல்லாரும் ஒருத்தனைப் பாக்கும்போது, அவன் யாரைப் பாக்கான்? அங்கதான் லிஃப்டர் தெரிவான்."

"ஆரம்பிச்சுட்டான்வே" என்றார் அண்ணாச்சி.

ஆரம்பித்துவிட்டேன். உங்களுக்கும் சொல்லுகிறேன்.

அந்த வருஷம் நான் டீமில் நடு ஆள். நடு ஆள் என்றால் என்ன வேலை தெரியுமா? குதிப்பது. பந்து எனக்கு வராது. ராயப்பன் பந்துக்கு அடியில் போகிற நேரத்தில், அது எனக்குத்தான் வரப்போகிறது என்கிற மாதிரி கையை ஓங்கிக்கொண்டு நான் எம்பிக் குதிக்கவேண்டும். எதிர் டீமில் தடுக்கிறவர்கள் என்னோடு சேர்ந்து குதிப்பார்கள். அவர்கள் கீழே இறங்குவதற்குள் பந்து இடது ஓரத்துக்குப் போய்விடும், அங்கே அண்ணாச்சி ஆளில்லாத இடத்தில் அடிப்பார். இதற்கு டம்மி என்று பெயர். எனக்கும் அதுவே பெயர் ஆகிவிட்டது. 'டம்மி வாரான்' என்றுதான் சொல்வார்கள். சின்னப் பிள்ளைகள்கூட. தபால்காரர் ஒருதடவை அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஒரு சீசன் முழுக்கக் குதித்தேன் தம்பி. நாசரேத்தில் குதித்தேன், வள்ளியூரில் குதித்தேன், கோவில்பட்டியில் கரிசல் மண்ணில் மழை பெய்து வழுக்கிக்கொண்டிருந்தபோது குதித்தேன். நான் குதித்ததால் அண்ணாச்சிக்குக் கிடைத்த பாயிண்ட் எத்தனை என்று எவனாவது எழுதி வைத்தானா? மறுநாள் பேப்பரில் முத்துமாலை பெயர் வரும், ராயப்பன் பெயர் வரும், 'மற்றும் பலர்' வரும். அந்த மற்றும் பலரில் நான் நடுவில் இருப்பேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதும் என் வேலை ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில்தான். மேனேஜர் கையெழுத்துப் போடவேண்டிய காகிதங்களை அடுக்கி, எங்கே போடவேண்டும் என்று பென்சிலில் புள்ளி வைத்துக் கொடுப்பேன். அது வேறு விஷயம், ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

ராயப்பனிடம் மட்டும் கேட்பேன். "எனக்கு ஒரு பந்து எடேம்ல." அவன் எப்போதும் ஒரே பதில்தான் சொல்லுவான். "குதி. வரும்." வராது. அடுத்த ஆட்டத்திலும் கேட்பேன். "குதி மாப்ள. வரும்."

பைனல் திருச்செந்தூரில். எதிர்ப்பக்கம் மதுரை டீம், ஒவ்வொருத்தனும் மின்கம்பம் மாதிரி. ஆட்டம் ஐந்தாவது செட்டுக்குப் போய்விட்டது. பொழுது சாய்கிற நேரம், வெயில் நேராகக் கண்ணில் அடிக்கிறது. அந்த செட்டில் எட்டு பாயிண்ட் வந்ததும் இரண்டு டீமும் பக்கம் மாறவேண்டும். மாறும்போது நான் ராயப்பனிடம் ஒன்று சொன்னேன். இதை நான் கதையில் சேர்ப்பதில்லை. சேர்த்தால் கதையின் ஓட்டம் கெட்டுவிடும். உங்களிடம் சொல்லலாம், நீங்கள் தூத்துக்குடியில் இறங்கிப் போய்விடுவீர்கள்.

"இனி நான் குதிக்க மாட்டேன்ல" என்றேன். "வேணும்னா நீயே குதிச்சு நீயே எடு."

அவன் வேட்டியில்—இல்லை, டவுசரில்—கையைத் துடைத்துக்கொண்டே போய்விட்டான். 'குதி, வரும்' என்று சொல்லவில்லை.

சொன்னபடியே நான் குதிக்கவில்லை. ஒன்பது, பத்து, பதினொன்று, சும்மா நின்றேன். அண்ணாச்சிக்கு அதெல்லாம் எங்கே தெரிகிறது, அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு அடிக்கிறவர். பதினாலுக்குப் பதின்மூன்று. எங்களுக்கு ஒரு பாயிண்ட் போதும். மதுரைக்காரன் சர்வீஸ். எங்கள் பின்வரிசைப் பையன் தட்டியது வலையை ஒட்டிப் போய்விட்டது. ராயப்பன் அதற்கு அடியில் போனான். இடது ஓரத்தில் அண்ணாச்சி, "இங்கல! இங்கல!" என்று கத்திக்கொண்டு ஓடிவருகிறார். ஊரே அண்ணாச்சியைப் பார்க்கிறது. ராயப்பன் அண்ணாச்சியைப் பார்க்கிறான். மதுரை டீமில் தடுக்கிற இரண்டு கம்பமும் அண்ணாச்சிப் பக்கம் ஓடிவிட்டன. என் எதிரே ஒருத்தனும் இல்லை. இருப்பானா? நான்தான் டம்மி ஆயிற்றே, அதிலும் குதிக்காத டம்மி.

அப்போது என் கால் குதித்தது. நான் குதித்தேன் என்று சொல்லமாட்டேன். மாட்டேன் என்று சொன்னவன் நான். கால் பழகிப்போயிருந்தது, அது பாட்டுக்குக் குதித்தது. மேலே போனால் மூக்குக்கு நேரே பந்து நிற்கிறது.

அடித்தேன். ஆளில்லாத தரை. பந்து விழுந்த சத்தம் இப்போதும் கேட்கிறது, நனைந்த சாக்கைப் போட்ட மாதிரி ஒரு சத்தம். அதற்கப்புறம் என்னைத் தரையில் இறங்கவே விடவில்லை, தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

கோவில் வாசல் டீக்கடையில் எல்லாரும் நிற்கிறோம். ராயப்பன் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான்: "சீசன் பூரா இவனைச் சும்மா குதிக்க வச்சேன்லா, எதுக்குன்னு நெனச்சீங்க? இந்த ஒரு பந்துக்குத்தான். பின்பக்கம் ரெண்டு வெரல் காட்டுனேன். இவன் பாத்தான், குதிச்சான். அம்புட்டுதான்."

அந்த நிமிஷம் அந்தச் சீசன் முழுக்க எனக்கு அர்த்தமாகிவிட்டது, தம்பி. வள்ளியூரும் கோவில்பட்டியும் கரிசல் சேறும், எல்லாம் ஒரு கணக்கோடு நடந்தது என்று ஆகிவிட்டது. லிஃப்டர் சில பேர் ஒரு பாயிண்டைப் பார்ப்பார்கள், சில பேர் ஒரு ஆட்டத்தைப் பார்ப்பார்கள். ராயப்பன் ஒரு சீசனையே ஒரு பந்துக்காகக் கட்டியிருக்கிறான். அவன் முதல்தரம் இல்லை என்றால் வேறு யார் முதல்தரம்?

ஒரு சின்னச் சங்கடம். நான் விரலைப் பார்க்கவில்லை. கோபத்தில் அவன் முதுகையே பார்க்கவில்லை. ஆனால் டீக்கடையில் அவன் சொன்னபோது நான் தலையை ஆட்டிவிட்டேன். எவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்!

அப்புறம் வருஷம் போகப்போக விவரம் கொஞ்சம் நகர்ந்தது. ஒருதடவை இரண்டு விரல் என்பான், ஒருதடவை கண்ணைக் காட்டினேன் என்பான். என் மகள் நிச்சயத்தில் சம்பந்தி வீட்டார் முன்னால் சொன்னபோது அது இருமலாக இருந்தது. "லேசா இருமினேன். புத்தியுள்ளவன், புரிஞ்சுக்கிட்டான். இவன் வீட்டுப் பொண்ணு எப்படி இருக்கும்னு நீங்களே பாத்துக்கிடுங்க" என்றான். சம்பந்தி எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் தலையை ஆட்டினேன். விரலோ, கண்ணோ, இருமலோ, எதற்கும் ஆட்டிவிடுவேன்.

ஐஸ் பிளான்ட்டில் நான் இதை (அந்த 'குதிக்க மாட்டேன்' இல்லாமல்) சொல்லி முடித்ததும் அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இத்தனை நாளா போட்டும்னு இருந்தேன். மைதானத்துக்குப் பேரு வைக்கிற விசயமாப் போச்சு, சொல்லிருதேன். அது எனக்கு எடுத்த பந்துவே."

"என்ன அண்ணாச்சி சொல்லுதீங்க?"

"எனக்கு எடுத்தான். கையில வேர்வை. வழுக்கிட்டு. ஓரத்துக்கு வரவேண்டிய பந்து பாதி வழியில நின்னுட்டு. நீரு அங்க நின்னீரு."

"யாரு சொன்னா?"

"ராயப்பனே சொன்னான்வே! இந்த பிளான்ட் தெறப்பு அன்னிக்கு, இந்தா, இந்த மெசின்கிட்ட நின்னு சொன்னான். 'அண்ணாச்சி, ஒங்களுக்குத்தான் எடுத்தேன், நழுவிட்டு, ஏதோ ஜெயக்கொடி அங்க இருந்தான்'னான்."

ஏதோ அங்க இருந்தான். கேட்டீர்களா தம்பி? ஏதோ. பஸ் ஸ்டாண்டில் குடை கிடந்த மாதிரி.

பெரியநாயகம் சாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்போ ராயப்பன் பேருக்கு நீரு சொல்லுத ஒரே காரணம் அந்தப் பந்துதான். அது வழுக்குன பந்துன்னா? வழுக்குன கைக்கு மைதானமாவே வைப்பாங்க?" என்றார். அண்ணாச்சி ஓட்டு எந்தப் பக்கமும் இல்லை, அவர் தன் பெயரை வைக்காத கடுப்பில் இருக்கிறார். "ஜெயக்கொடி எங்க சொல்லுதாரோ அங்க என் ஓட்டு" என்று சொல்லிவிட்டார். ஆக, எல்லாம் என் கையில். சார் சொன்னார்: "நேர்ல போயி ராயப்பன்கிட்டயே கேட்டுட்டு வாரும். பந்து யாருக்கு? ஒமக்குன்னா ராயப்பன் மைதானம். வழுக்கிட்டுன்னா ஷெர்வின் மைதானம். அடுத்த ஞாயித்துக்கெழமை போர்டு எழுதக் குடுக்கணும்."

"போன்ல கேட்டா போதாதா?" என்றேன்.

"போன்ல மூஞ்சி தெரியாதுவே."

அந்த வாரம் எனக்கு ஆபீசில் வேலை ஓடவில்லை. புள்ளியைத் தப்பான இடத்தில் வைத்து, மேனேஜர் ஒரு மலேசியாக் கம்பெனியின் கையெழுத்து இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டார். 'என்ன ஜெயக்கொடி சார், உடம்பு சரியில்லையா?' என்றார். மனைவி வேறு: "யாரு பேரை வச்சா ஒங்களுக்கு என்ன? அங்க போயி ஆடவா போறீங்க?" அவளுக்கு நியாயம் என்றால் என்ன என்று விளக்க எனக்குப் பொறுமை இல்லை. எனக்கு இதில் சொந்த லாபம் கிடையாது என்று சொன்னேன். "அது தெரியுதே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆகவே இன்று காலையில் நாகர்கோவில். ராயப்பன் வீடு வடசேரியில். பேங்க் வேலையிலிருந்து சீக்கிரமே ஓய்வு வாங்கிவிட்டான், முட்டி இரண்டும் தேய்ந்துபோயிற்று. ஆனால் கை மட்டும் ஓயாது. பேசிக்கொண்டே பீன்ஸ் ஒடிப்பான், பேசிக்கொண்டே சன்னல் கொக்கியைச் சரிசெய்வான். இன்னொன்று, கண் ஒரு பக்கம் போகும், கை ஒரு பக்கம் போகும். சாப்பிடும்போது வாசலைப் பார்த்து, "யாரோ வாராங்க பாரு" என்றான். நானும் பார்த்தேன். ஒருத்தரும் இல்லை. திரும்பினால் என் தட்டில் அவன் பங்கு மீன் கிடக்கிறது.

"ஒங்களுக்கு இது புதுசா அண்ணாச்சி?" என்றாள் அவன் மனைவி சகாயம். "கறிக்கடையிலயும் இப்படித்தான். கோழியப் பாத்து வெலை கேப்பாங்க, ஆட்டுக்கறி வாங்கிட்டு வந்துருவாங்க. கடைக்காரன் பாவம், தராசை எந்தப் பக்கம் திருப்பன்னு தெரியாம நிப்பான்."

நான் மைதானத்தைப் பற்றிச் சொன்னேன். இரண்டு பெயர் இருக்கிறது என்றும் சொன்னேன். அவன் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "ஷெர்வின் பேரை வையுங்கல. ஆடுற பையன், பேரைப் பாத்தா இன்னும் ரெண்டு வருசம் கூட ஆடுவான். எனக்கு எதுக்கு? என் பேரு ரேஷன் கார்டுல இருக்கு, போதும்" என்றான்.

எனக்கு எரிச்சலாக வந்தது. இவனுக்காக நான் இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருக்கிறேன். இவன் முதல்தரம் என்று நிரூபிக்க நான் முப்பது வருஷமாகத் தொண்டை கிழியக் கத்துகிறேன். இவன் சோற்றைப் பிசைந்துகொண்டு ஷெர்வினுக்கு எடுத்துக் கொடுக்கிறான்!

"அது இருக்கட்டும்ல. அந்தக் கடைசிப் பந்து..." என்று ஆரம்பித்தேன்.

"ஒனக்குத்தான்!" என்றான். நான் இன்னும் கேட்கவே இல்லை. "ஒனக்குத்தான் மாப்ள எடுத்தேன். சீசன் பூரா குதிக்க வச்சது எதுக்கு? லேசா தலைய அசைச்சேன்லா."

இப்போது தலை. சரி, பரவாயில்லை. போதும், இதை வைத்துக்கொண்டு சாரை ஒரு வழி பண்ணிவிடலாம் என்று நினைத்தேன். அப்போது பார்த்து அவன் போன் அடித்தது. கை எச்சில், அதனால் சகாயம் ஸ்பீக்கரைப் போட்டு மேஜையில் வைத்தாள்.

"ராயப்பா! முத்துமாலை பேசுதேன். அங்க ஜெயக்கொடி வந்தானா?"

ராயப்பன் என் தட்டைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் காணலியே அண்ணாச்சி" என்றான்.

"வந்தாம்னா உள்ளதைச் சொல்லு. அந்தப் பந்து எனக்குத்தான எடுத்தே?"

"ஒங்களுக்குத்தான் அண்ணாச்சி! வேற யாருக்கு எடுப்பேன்? கை நழுவிட்டு. ஒங்களை வச்சுக்கிட்டு இன்னொருத்தனுக்கு எடுக்க எனக்கென்ன கிறுக்கா?"

அந்தப் பக்கம் அண்ணாச்சி சிரிக்கிற சத்தம் கேட்டது. ஒரு வாரமாக அவர் சிரித்து நான் கேட்கவில்லை. "அதான பாத்தேன்" என்று வைத்துவிட்டார்.

ராயப்பன் ஒன்றுமே நடக்காத மாதிரி அப்பளத்தை எடுத்தான். எடுத்து என் தட்டில் வைத்தான். "பாவம்ல அண்ணாச்சி" என்றான். "பிளான்ட்டை மகன் எடுத்துக்கிட்டான் போல. அங்க அவருக்கு ஒரு ஸ்டூலுதான் இருக்கு."

நீங்களே சொல்லுங்கள் தம்பி, இதில் எது உண்மை? என்னிடம் ஒன்று, அவரிடம் ஒன்று. இவனை எப்படி நம்புவது? இப்படிப்பட்ட ஒரு ஆளுக்கு மைதானமா? எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டேன். கை கழுவப் பின்பக்கம் போனேன். அவனும் பின்னாலேயே வந்தான், முட்டியைப் பிடித்துக்கொண்டு. குழாயை எனக்காகத் திறந்துவிட்டான். அப்போதும் அவன் பார்வை முருங்கைமரத்தில்தான் இருந்தது.

எனக்குள்ளே மூலையில் உட்கார்ந்திருப்பானே ஒருத்தன், அவன் அப்போதுதான் எழுந்து வந்தான். யாருக்கு எடுத்தே என்று கேட்டால் ராயப்பனிடம் ஆளுக்கொரு பதில் இருக்கிறது. அதைக் கேட்டுப் பயனில்லை. கேட்கவேண்டிய கேள்வி வேறு. அதை நான் மட்டும்தான் கேட்கமுடியும். ஏனென்றால் பக்கம் மாறும்போது நடந்தது எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.

கண்டக்டர் விசில் ஊதுகிறார், அடுத்தது புன்னைவிளை விலக்குதான். என் பையைக் கொஞ்சம் எடுத்துத் தாருங்கள். நன்றி. அவன் என்ன சொன்னான் என்று கேட்காதீர்கள். சாயங்காலம் கமிட்டியிலும் அதைச் சொல்லமாட்டேன். போர்டில் என்ன எழுதவேண்டும் என்று மட்டும் சொல்லுவேன், அதை நான் முடிவு செய்தாயிற்று. எப்போது முடிவு செய்தேன் என்றால், ஓயாத அந்தக் கை இருக்கிறதே, என் கேள்வியைக் கேட்டதும் அது குழாய் மேலேயே நின்றுவிட்டது. தண்ணீர் பாட்டுக்கு ஓடுகிறது. அவன் முருங்கைமரத்தை விட்டு, முப்பது வருஷத்தில் முதல்தடவையாக, நேராக என் முகத்தைப் பார்த்தான். நான் கேட்டது இவ்வளவுதான்:

"ராயப்பா, இனிமே குதிக்க மாட்டேன்னு ஒங்கிட்ட சொல்லியிருந்தேனேல... அப்புறம் எந்த நம்பிக்கையில அந்தப் பந்தை அங்க எடுத்தே?"